ஒரு வீடு, மூன்று கணினி, இரண்டு இயங்குதளம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச அப்டேட்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றன. அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே திரையில் அறிவிப்பு வந்துகொண்டே இருந்ததால், எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் என்ன செய்யலாம் என்று கேட்டது. வீட்டில் மூன்று பேர், ஆளுக்கொரு கணினி. பெரியவர் பணி ஓய்வு பெற்றவர், ஒரு சிறிய நலச்சங்கத்தின் கணக்கு வழக்குகளைப் பார்க்கிறார். அவருடைய மனைவி வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு செய்கிறார், வருமானம் முழுக்க அந்த மடிக்கணினி வழியாகத்தான் வருகிறது. மகள் இயந்திரவியல் மாணவி.

பெரியவருடையது மேசைக் கணினி: இன்டெல் ஆறாம் தலைமுறைச் செயலி, 4 ஜிபி ரேம், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். மனைவியின் மடிக்கணினி ஏழாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத, வேகமான சேமிப்பகம்). மகளுடையது புதிது, விண்டோஸ் 11 உடனேயே வந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பது, ஒரு சில விதிவிலக்குகள் போக, இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். கூடவே டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் செக்யூர் பூட் வசதியும் வேண்டும். அதாவது எந்தப் பழுதும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த இரண்டு கணினிகள் பட்டியலுக்கு வெளியே போய்விட்டன.

விண்டோஸ் போன்ற மூடிய இயங்குதளத்துக்கும், மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் லினக்ஸ் போன்ற திறமூல இயங்குதளத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சாதாரணப் பயனருக்கு நேரடியாக உறைக்கிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன். மூல நிரலைப் படிக்க முடியுமா என்பது பெரும்பாலானவர்களுக்குக் கவலையே இல்லை. ஆனால் தன் கணினி எத்தனை வருடம் ஓடலாம் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பது எல்லோருக்கும் கவலைதான். லினக்ஸும் பழைய வன்பொருளைக் கைவிடுவது உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. 1985இல் வந்த இன்டெல் 386 சிப்புக்கான ஆதரவை அது நீக்கியது 2012இன் இறுதியில். அந்த இடைவெளியைப் பார்த்தாலே போதும்.

நான் போனபோது வீட்டில் இரண்டு கட்சி. மூன்றையும் லினக்ஸுக்கு மாற்றிவிடலாம் என்றார் மகள். "தம்பி, எதையும் தொடாதீங்க, எல்லாம் இப்ப இருக்கிற மாதிரியே இருக்கட்டும்" என்றார் பெரியவர். முதலில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று பார்ப்போம், முடிவை அப்புறம் எடுப்போம் என்று சொன்னேன்.

கவனித்தவை

ஒரு வாரம் மூவரும் கணினியில் செய்கிற ஒவ்வொரு வேலையையும் ஒரு தாளில் குறித்து வைக்கச் சொன்னேன், எந்த மென்பொருளில், எந்தக் கோப்பில், எந்தச் சாதனத்தோடு என்பது உட்பட. கேட்டால் எல்லோரும் "இன்டர்நெட்டும் கொஞ்சம் டைப்பிங்கும்தான்" என்றுதான் சொல்வார்கள். தாளில் வேறு படம் தெரிந்தது.

பெரியவருடைய வேலையில் பெரும்பகுதி உலாவிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது: மின்னஞ்சல், வங்கி, செய்தி, காணொளி அழைப்பு. மிச்சம் இருந்தவைதான் சிக்கலானவை. சங்கக் கணக்கு ஓர் எக்செல் கோப்பு, அதில் ரசீது அச்சிட யாரோ எப்போதோ எழுதிக்கொடுத்த ஒரு மேக்ரோ (கோப்புக்குள்ளேயே ஓடும் குட்டி நிரல்) பொத்தான். யுஎஸ்பியில் இணைத்த பழைய லேசர் பிரின்டர், ஸ்கேனும் அதிலேயே. ஆண்டறிக்கையைச் சமர்ப்பிக்க ஒரு டிஜிட்டல் கையொப்ப யுஎஸ்பி டோக்கன். அப்புறம் சங்கத்தின் பழைய தீர்மானங்கள், யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த நூற்றுக்கணக்கான வேர்டு கோப்புகள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கொட்டிக் கிடப்பது போல் தெரியும். அவர் தட்டச்சு இயந்திரத்தில் பழகியவர் என்பதால் விசைப்பலகையும் அந்த அமைப்பில்தான் வேண்டும். இதற்கெல்லாம் மேலாக, அந்தக் கணினி திறந்து உலாவி வரவே பல நிமிடங்கள் ஆனது. அதற்கு விண்டோஸைக் குறை சொல்வது நியாயமில்லை, 4 ஜிபி ரேமும் சுழலும் டிஸ்க்கும்தான் காரணம்.

மனைவியின் தாள் குட்டையானது, ஆனால் ஒவ்வொரு வரியும் கனம். அவருக்கு வேலை தருகிற நிறுவனங்கள் டிராடோஸ் என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளின் தொகுப்புகளாக அனுப்புகின்றன, அந்த மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். மற்றவை வேர்டு கோப்புகள், திருத்தங்களைக் காட்டும் டிராக் சேஞ்சஸ் வசதியோடு பலர் கைமாறி வருபவை.

மகளுக்குச் சாலிட்வொர்க்ஸ் என்ற இயந்திர வடிவமைப்பு மென்பொருள் வேண்டும், அதுவும் விண்டோஸுக்கு மட்டுமே. நண்பர்களோடு ஆடும் விளையாட்டு ஒன்றில் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல் மட்டத்தில் இயங்கும் மோசடித் தடுப்பு இருக்கிறது. 2018இல் வந்த புரோட்டான் என்ற கருவி மூலம் ஏராளமான விண்டோஸ் விளையாட்டுகள் இன்று லினக்ஸில் ஓடுகின்றன என்றாலும், இந்த வகை விளையாட்டுகளில் பல ஓடுவதில்லை. எல்லாவற்றையும் லினக்ஸுக்கு மாற்றச் சொன்னவருடைய கணினிதான் மாறவே முடியாத கணினி என்று தாளைப் பார்த்ததும் அவருக்கே புரிந்தது.

இருந்த வழிகள்

புதிய கணினிகள் வாங்குவது ஒரு வழி. மகள் கணினி ஏற்கெனவே புதிது, மற்ற இரண்டும் நன்றாக ஓடுகின்றன, அவற்றைத் தூக்கிப்போட யாருக்கும் மனமில்லை. இன்னொன்று, விண்டோஸ் 11இன் வன்பொருள் சோதனையைக் குறுக்குவழியில் தாண்டி நிறுவுவது. செய்ய முடியும். ஆனால் அப்படிப்பட்ட கணினிக்கு அப்டேட் வரும் என்ற உத்தரவாதம் கிடையாது என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது, பாதுகாப்பு அப்டேட்டுக்காகத்தான் இவ்வளவு பாடும் என்னும்போது அந்த வழியில் போவதில் அர்த்தமில்லை என்று விட்டுவிட்டோம். மூன்றாவது, வீட்டுப் பயனர்களுக்கென மைக்ரோசாஃப்ட் அறிவித்த கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டம். மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாகப் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை ஒரு வருட அவகாசம் கிடைக்கும். நான்காவது லினக்ஸ்.

பணம் இந்த முடிவில் பெரிய பங்கு வகிக்கவில்லை. லினக்ஸ் இலவசம் என்பார்கள், ஆனால் மூன்று கணினிகளிலும் விண்டோஸ் உரிமம் வாங்கும்போதே சேர்ந்து வந்துவிட்டது. இங்கே உண்மையான செலவு நேரமும் பழக்கமும்.

பாதுகாப்பு பற்றிப் பெரியவர் ஒரு கேள்வி கேட்டார், அதைக் கடந்துபோக முடியாது. "யார் வேணாலும் நிரல் எழுதலாம்னா திருடனும் எழுதலாமே?" எழுதலாம் சார், எழுதியும் இருக்கிறார்கள் என்றேன். 2024 மார்ச்சில் எக்ஸ்இஸட் என்ற கோப்புச் சுருக்க நிரலில், நம்பிக்கையைச் சம்பாதித்து உள்ளே வந்த ஒருவர் பின்கதவு வைத்திருந்தது தெரிய வந்தது. ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து உள்நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி அதிகம் ஆகிறதே என்று தோண்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார். நிரல் திறந்திருந்ததால் அவரால் தோண்ட முடிந்தது, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகளின் நிலையான பதிப்புகளுக்கு வருமுன் பிடிபட்டது. அதே வருடம் ஜூலை 19 அன்று, ஒரு பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. இரண்டையும் அவருக்குச் சொன்னதற்குக் காரணம், எந்தப் பக்கமும் ஆபத்தே இல்லை என்ற எண்ணத்தோடு அவர் மாறக்கூடாது. அவர் கேட்டுவிட்டு, "சரி, எதுல அப்டேட் ஒழுங்கா வரும்?" என்றார். அதுதான் சரியான கேள்வி. அவருடைய கணினிக்கு அதன் விடை லினக்ஸ்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஆளுக்கு ஆள் வேறு முடிவு. பெரியவருக்கு லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22. இது உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் 24.04 பதிப்பு மேல் கட்டப்பட்டது, 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு, பார்வைக்கும் கீழே ஒரு பட்டை, இடது மூலையில் மெனு என்று அவருக்குப் பழகிய மாதிரியே இருக்கும். கூடவே ஒரு எஸ்எஸ்டியும் 8 ஜிபி ரேமும். மனைவிக்கு விண்டோஸ் 10இலேயே ஒரு வருட நீட்டிப்பு, அதற்குள் சோதனை செய்து முடிவெடுப்பது. மகள் விண்டோஸ் 11இலேயே.

ஆனால் பெரியவரின் இயங்குதளத்தை உடனே மாற்றவில்லை. முதலில் விண்டோஸ் 10 மேலேயே ஃபயர்பாக்ஸ் (உலாவி), தண்டர்பேர்டு (மின்னஞ்சல்), லிப்ரெஆபிஸ் (வேர்டு, எக்செல் வேலைகளுக்கு) மூன்றையும் போட்டுக்கொடுத்து, இவற்றில்தான் இனி வேலை என்று சொன்னோம். இந்த மூன்றும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓடுபவை. ஒருவர் நாள் முழுக்கப் பார்ப்பது செயலிகளைத்தான், இயங்குதளத்தை அல்ல. அந்தப் பழக்கம் முதலில் மாறிவிட்டால் அடித்தளத்தை மாற்றுவது சிறிய அதிர்ச்சியாகத்தான் இருக்கும், இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது எங்கே இடிக்கிறது என்றே தெரியாது. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசும் சுமார் 30,000 கணினிகளை மாற்றப்போவதாக 2024இல் அறிவித்தபோது லிப்ரெஆபிஸை முதல் படியாகவும் லினக்ஸை அடுத்தும்தான் வைத்தது. அவ்வளவு பெரிய நிர்வாகத்துக்குப் பொருந்துகிற வரிசை ஒரு வீட்டுக்கும் பொருந்துகிறது.

இந்தக் கட்டத்திலேயே மேக்ரோ சிக்கல் வெளியே வந்தது. லிப்ரெஆபிஸ் எக்செல் மேக்ரோவை ஓரளவுதான் புரிந்துகொள்ளும், ரசீதுப் பொத்தான் பிழைச் செய்தி காட்டியது. உள்ளே பார்த்தால் அந்த மேக்ரோ செய்த வேலை ஒன்றுமில்லை, ஒரு வரியின் விவரங்களை ரசீதுத் தாளுக்கு எடுத்துப்போய் அச்சிடுகிறது. ரசீது எண்ணைக் கொடுத்தால் விவரத்தைத் தேடி எடுக்கிற சாதாரணச் சூத்திரத்தில் அதை மாற்றினோம். இப்போது அந்தக் கோப்பு எக்செல்லிலும் ஓடும், லிப்ரெஆபிஸிலும் ஓடும். விண்டோஸில் இருக்கும்போதே இது தெரிந்ததால் அவர் கணக்கு ஒரு நாள்கூட நிற்கவில்லை.

மாற்றம் நடந்த விதம்

பென்டிரைவில் மின்ட்டை ஏற்றி, எதையும் நிறுவாமல் அதிலிருந்தே கணினியை ஓட்டிப் பார்த்தோம். ஒலி, திரை, கேமரா எல்லாம் சரி. வைஃபை மட்டும் இல்லை. அவர் பயன்படுத்துவது யுஎஸ்பி வைஃபை குச்சி, அதன் சில்லுக்கு கெர்னலுக்குள் டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) இல்லை. கைபேசியை யுஎஸ்பி கம்பியில் இணைத்து அதன் இணையத்தை எடுத்து, வெளியே கிடைக்கும் டிரைவரைத் தொகுத்துப் போட்டதும் வந்தது.

புதிய எஸ்எஸ்டியில்தான் மின்ட்டை நிறுவினோம். பழைய ஹார்ட் டிஸ்க்கை அழிக்கவில்லை, கழற்றி எடுத்து வைத்துவிட்டோம். பிடிக்கவில்லை என்றால் திரும்பவும் அதையே மாட்டினால் முந்தைய நாள் இருந்த விண்டோஸ் அப்படியே வந்துவிடும். பெரியவர் சம்மதித்ததற்கு முக்கியக் காரணம் இதுதான். ஒரே டிஸ்க்கில் இரண்டையும் வைக்கும் டூயல் பூட் வேண்டாம் என்று நினைத்தேன், ஏனென்றால் விண்டோஸ் கணினிக் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதும், லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதும், மாறி மாறித் திறந்தால் நேரம் தப்பாகக் காட்டும். இது மாதிரிச் சின்னச் சின்னச் சங்கடங்கள்தான் புதிதாக வருபவரை விரட்டும். கழற்றுவதற்கு முன் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்து முழுமையாக நிறுத்தினோம். அது இயங்கிய நிலையில் டிஸ்க் பாதித் தூக்கத்தில் இருப்பதால், லினக்ஸ் அதில் எழுதாது, படிக்க மட்டும்தான் விடும்.

பிரின்டருக்கு அதைத் தயாரித்த நிறுவனமே தருகிற மூடிய துணை நிரல் ஒன்று தேவைப்பட்டது. நிறுவியதும் அச்சும் ஸ்கேனும் வந்தன. புதிய பிரின்டர்கள் பெரும்பாலும் தனி டிரைவரே இல்லாமல் ஐபிபி என்ற பொது அச்சு நெறிமுறை வழியாக அச்சிடும், பழையவற்றில்தான் இந்த அலைச்சல். திறமூல இயங்குதளம் என்று சொல்லிவிட்டு அதன் மேல் மூடிய துண்டுகளைப் போட்டுத்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது என்பதில் சிலருக்கு வருத்தம் உண்டு. எனக்கும் அது உவப்பானதல்ல, ஆனால் அவருக்கு ரசீது அச்சாக வேண்டும்.

தமிழ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மாற நினைப்பவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, தட்டச்சு இயந்திர அமைப்பு, ஒலிபெயர்ப்பு எல்லாமே கிடைக்கும், தனியாக எந்த மென்பொருளும் வேண்டாம். தட்டச்சு அமைப்பைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். ஒன்றிரண்டு குறிகள் அவர் விரல் போகும் இடத்தில் இல்லை, மற்றபடி அன்றே அடிக்க ஆரம்பித்துவிட்டார். பாமினி எழுத்துருக் கோப்பை நகலெடுத்துப் போட்டதும் பழைய தீர்மானங்களும் சரியாகத் தெரிந்தன. விண்டோஸின் லதா எழுத்துருவில் இருந்த யூனிகோடு ஆவணங்கள் நோட்டோ எழுத்துருவுக்கு மாறியதால் வரிகள் கொஞ்சம் நகர்ந்தன. ஆங்கிலத்தில் கேலிப்ரிக்குப் பதில் அதே அகலமுள்ள கார்லிட்டோ இருப்பதால் பக்கம் கலைவதில்லை, தமிழ் எழுத்துருக்களுக்கு அப்படி அளவு பொருத்திய மாற்று எனக்குக் கிடைக்கவில்லை. அவரிடம் ஒன்றை வலியுறுத்தினேன்: பழைய கோப்புகளைச் சிறிது சிறிதாக யூனிகோடுக்கு மாற்றுங்கள். பாமினியில் இருக்கும் தீர்மானத்துக்குள் ஒரு தமிழ்ச் சொல்லை யூனிகோடில் அடித்துத் தேடினால் எந்த இயங்குதளத்திலும் கிடைக்காது.

டிஜிட்டல் கையொப்ப டோக்கன் மட்டும் தோற்றது. அதைத் தந்த நிறுவனம் விண்டோஸ் மென்பொருள் மட்டுமே தருகிறது. அடிக்கடி தேவைப்படாத வேலை என்பதால் மனைவியின் மடிக்கணினியில் செய்துகொள்வது என்று தீர்மானித்தோம்.

பிறகு நடந்தது

முதல் சில நாட்கள் தொலைபேசி அழைப்புகள் வந்தன, பெரும்பாலும் கோப்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்ற வகை. பிறகு குறைந்தன. கணினி சட்டென்று திறக்கிறது என்று பெரியவர் மின்ட்டைப் பாராட்டினார். அந்தப் பாராட்டில் பெரும்பங்கு எஸ்எஸ்டிக்குத்தான் போக வேண்டும், அதே எஸ்எஸ்டியை மாட்டியிருந்தால் விண்டோஸ் 10உம் வேகமாகத்தான் திறந்திருக்கும் என்று அவரிடமே சொன்னேன். லினக்ஸின் தனிப் பங்கு வேறு இடத்தில் தெரிந்தது: அப்டேட் எப்போது நடக்க வேண்டும் என்பது அவர் கையில் இருக்கிறது, வேலை நடுவில் மறுதொடக்கம் கேட்டு அவரைத் தொந்தரவு செய்வதில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு கெர்னல் அப்டேட்டுக்குப் பின் வைஃபை நின்றுவிட்டது. கையால் தொகுத்துப் போட்ட டிரைவர் பழைய கெர்னலுக்கானது, புதியதற்கு அது பொருந்தவில்லை. தொடக்கத் திரையில் முந்தைய கெர்னலைத் தேர்வு செய்ததும் இணையம் திரும்பியது. அப்படியே விட்டால் அடுத்த அப்டேட்டிலும் இதே கதை. அதனால் கெர்னலுக்குள்ளேயே டிரைவர் உள்ள சில்லைக் கொண்ட வேறொரு குச்சிக்கு மாறினார், அதன் பிறகு அந்தப் பிரச்சினை வரவில்லை. இந்த ஒரு சம்பவத்தில் நான் அருகில் இல்லாதிருந்தால் அவர் பழைய ஹார்ட் டிஸ்க்கை மாட்டியிருப்பார் என்றே நினைக்கிறேன். லினக்ஸில் தினசரி ஓட்டம் எளிது, அபூர்வமாக ஒன்று உடையும்போது சரிசெய்யத் தெரிந்த ஆள் வேண்டும். விண்டோஸிலும் வேண்டும், ஆனால் அங்கே தெரிந்த ஆட்கள் அதிகம்.

மனைவியின் சோதனை வேறு மாதிரி முடிந்தது. அவர் ஏற்கெனவே ஒப்படைத்த உண்மையான கோப்புகளின் நகல்களை லிப்ரெஆபிஸில் திறந்து, திருத்தி, சேமித்து, மறுபடி வேர்டில் திறந்து பார்த்தார். திருத்தக் குறிகளும் கருத்துரைகளும் பிழையின்றி வந்தன. சிக்கலான அட்டவணைகள் சிலவற்றில் கலைந்தன. அவர் சொன்னது: "டேபிள் கலைஞ்சிருந்தா மென்பொருள் மாறினதாலேன்னு யாரும் நினைக்கமாட்டாங்க, நான் கவனமில்லாம செஞ்சேன்னுதான் நினைப்பாங்க." இதற்கு மேல் அவரை மாறச் சொல்ல எனக்கு வாயில்லை. மொழிபெயர்ப்புக்கான திறமூல மென்பொருளான ஒமேகாடி விண்டோஸிலேயே ஓடும், சொந்தமாக வரும் நேரடி வேலைகளுக்கு இப்போது அதைப் பயன்படுத்துகிறார், அவருக்குப் பிடித்தும் இருக்கிறது. நிறுவனங்களின் தொகுப்புகளுக்கு டிராடோஸேதான்.

மகள் கணினியில் இயங்குதளத்தைத் தொடவில்லை. டிஸ்க் குறியாக்கம் தானாகவே இயங்கிக்கொண்டிருந்ததும், அதன் மீட்புச் சாவி அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் மட்டும் இருந்ததும் தெரிந்தது. கணினி அந்தச் சாவியைக் கேட்கும் நேரத்தில் கணக்கு கைவிட்டுப் போயிருந்தால் கோப்புகளும் போய்விடும் என்பதால் சாவியைத் தாளில் எழுதி வைக்கச் சொன்னேன்.

இனி செய்தால் மாற்றுவது

பென்டிரைவ் சோதனையை முதல் நாளே செய்வேன், செயலிகளை மாற்றுவதற்கும் முன்னால். வைஃபை சில்லும் பிரின்டரும் என்ன என்று அப்போதே தெரிந்தால், தொகுத்துப் போடும் டிரைவரை நம்பாமல் சாதனத்தையே முதலில் மாற்றிவிடலாம்.

வேலைத் தாளில் இன்னொரு பத்தி சேர்ப்பேன்: இந்தக் கோப்பு வேறு யாரிடம் போகிறது? பெரியவருடைய கணக்கு ஆண்டுக்கு ஒரு முறை பிடிஎஃப்பாக வெளியே போகிறது, அதனால் அவர் எந்த மென்பொருளிலும் எழுதலாம். மனைவியின் கோப்புகள் தினமும் வேறு கைகளில் திறக்கப்படுகின்றன. இந்த ஒரு கேள்விக்கான பதில் முன்பே இருந்திருந்தால், இருவரின் முடிவும் சோதனைக்கு முன்பே ஏறக்குறைய தெரிந்திருக்கும்.

கெர்னலைப் பின்னுக்குத் தள்ளித் திறப்பது, டைம்ஷிஃப்ட் என்ற காப்புக் கருவியில் எடுத்து வைத்த பழைய நிலைக்குத் திரும்புவது, இந்த இரண்டையும் நிறுவிய அன்றே மகளுக்குச் செய்து காட்டுவேன். வீட்டுக்குள்ளேயே ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை அவை. இப்போது கற்றுக்கொடுத்தாயிற்று.

மனைவியின் மடிக்கணினிக்கு 2026 அக்டோபர் 13க்குள் ஒரு முடிவு வேண்டும். தற்போதைய திட்டம், அவர் விண்டோஸ் 11 ஓடும் புதிய கணினிக்குப் போவது, டோக்கன் வேலையும் அங்கேயே போகும். அந்த ஏழாம் தலைமுறை மடிக்கணினியில் மின்ட் ஏற்றித் தனக்கு வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார் பெரியவர்.